வலைப்பந்தாட்ட வானில் ஒரு நெடும்பனை

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ ஏதாவதொரு பாடசாலைக்குள் நுழைந்து பாருங்கள். மைதானத்தின் ஓரத்தில், பத்தடி உயரத்தில், வளையம் பூண்ட இரண்டு இரும்புக் கம்பங்கள் எதிரெதிரே நிற்கும். பெரும்பாலும் வலை இராது. கடற்காற்றிலும் வாவிக் காற்றிலும் துருவேறிய வெறும் வளையமே எஞ்சியிருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் ஒரு கிழமை பெண்பிள்ளைகளின் ஆரவாரம் கேட்கும். பின்னர் அக்கம்பங்களில் காகந்தான் குந்தும்.

அத்தகைய கம்பமொன்றின் கீழ் நின்று ஆடிப் பழகாத பெண்ணொருத்தி, பல்கலைக்கழக வயதில் பந்தைக் கையிலெடுத்து, உலகம் அண்ணாந்து பார்க்கும் ஆட்டக்காரியாக உயர்ந்த கதையை இன்று வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். அவர் பெயர் தர்ஜினி சிவலிங்கம்.

பிறந்தது 1979ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஏவிளை என்னும் சிற்றூரில். படித்தது வசாவிளான் மத்திய கல்லூரியில். 1990இல் அப்பகுதி மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறியபோது அக்கல்லூரியும் அவர்களோடு இடம்பெயர்ந்தது. அக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் என்பது எவ்வளவு தொலைவான பொருள் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய உடல் மட்டும் எதற்கும் காத்திராமல் வளர்ந்தது. பெண் வளர்த்தி பீர்க்கங்கொடி வளர்த்தி என்பார்கள். இவரது வளர்த்தி 208 சென்ரிமீற்றரில், அதாவது ஆறடி பத்தங்குலத்தில் வந்து நின்றது. உலக வலைப்பந்தாட்டத்திலேயே மிக உயரமான வீராங்கனை என்று பின்னாளிற் பெயர் பெற்ற அதே உயரம், இளமையில் தெருவிற் போவோர் வருவோருக்குக் கேலிப்பொருளாயிற்று. அதனை அவரே பேட்டிகளிற் சொல்லியிருக்கின்றார். சராசரி ஆணின் உயரத்தை ஒரு பெண் தாண்டிவிட்டால் அவளை ஊர் பார்க்கும் பார்வையை நம் வாசகிகள் அறிவார்கள். வகுப்பறையில் உயரமான மாணவி எவளையேனும் கவனியுங்கள். தோளைக் குறுக்கிக் கூனியே நடப்பாள். இருபது ஆண்டு கற்பித்தலில் இதற்கு விலக்காக நாம் கண்டவர்கள் மிகச் சிலர்.

கல்வி அவரை நம் மண்ணுக்கு அழைத்து வந்தது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமாகி, 1990இல் ஆயிரக்கணக்கானோருக்கு அகதி முகாமாகவும் இருந்த வளவு அது. அங்கேதான் வலைப்பந்து அவர் கைக்கு வந்தது. பத்து வயதிலேயே பந்தைத் தொட்டவர்களோடு போட்டியிட வேண்டிய ஒருவருக்கு அது மிகவும் பிந்திய தொடக்கம். பிறகு கொழும்பு, செலான் வங்கி அணி, தேசிய அணி என்று படிப்படியாக உயர்ந்தார். பழக்கமில்லாத நகரத்தில், பெரும்பாலும் சிங்களத்திலேயே பேசிய தோழியர் நடுவில், ஒரு தமிழ்ப் பெண் இடம்பிடிக்க முயன்ற காலமோ போர்க் காலம்.

இவ்விடத்தில் ஆட்டத்தின் நுட்பத்தைச் சற்றே சொல்லியாக வேண்டும். கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவில் அமைத்த கூடைப்பந்தாட்டத்தின் வழிவந்ததே வலைப்பந்தாட்டம். எனினும் தாயும் மகளும் ஒன்றல்லர். இங்கே வளையத்தின் பின்னால் பந்து பட்டுத் திரும்பப் பலகை இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. பிடித்தவர் மூன்று விநாடிக்குள் கொடுக்கவோ எறியவோ வேண்டும். ஏழு பேரில் இருவருக்கே கோல் போடும் உரிமை உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: அவ்விருவருள் வளையத்தின் கீழ் நிற்கும் வீராங்கனை மைதானத்தின் தன் மூன்றிலொரு பங்கை விட்டு வெளியே காலடி வைக்கக் கூடாது. மறுமுனையில் எதிரணி கோல்மேற் கோலாகக் குவித்தாலும் அவர் இடுப்பிற் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

“அந்த உயரம் இருந்தால் யாரும் கோல் போடலாம்” என்று சொல்வோர் உண்டு. நாம் அதனை ஏற்கவில்லை. காப்பவர் மூன்றடி தள்ளி நின்று கைகளை நீட்டி மறைக்க, முன்னும் பின்னும் இருவர் நெருக்க, தலைக்கு மேலே வரும் பந்தை ஒரு கையால் வாங்கி நிலைகுலையாமல் இறங்குவது தனிக் கலை. உயரம் பந்தைப் பெற்றுத் தரும். வளையத்துள் விழுத்துவது பயிற்சியே. எறிந்தவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உள்ளே விழும் நிலையை அவர் எய்தியது இலேசான காரியமன்று.

வலைப்பந்தாட்டம் இந்நாட்டுக்குப் புதிதல்ல. இதன் விதிகளை ஒழுங்குபடுத்திய சர்வதேசச் சம்மேளனம் 1960இல் உருவானதே இலங்கையிற்றான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போணில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் ஆடிய பதினொரு அணிகளுள் நம் அணியும் ஒன்று. ஆசியக் கிண்ணத்தையும் 1989, 1997, 2001 ஆகிய ஆண்டுகளில் வென்றோம். பிறகு எட்டு ஆண்டு வறட்சி.

அவ்வறட்சி நீங்கியது 2009இல், மலேசியாவின் மலாக்காவில். போர் முடிந்த அதே ஆண்டு என்பதை நினைவிற் கொள்க. தமிழ்ப் பெண்ணொருத்தி போட்ட கோல்களுக்கு நாடு முழுவதும் கைதட்டியது. அக்கைதட்டலால் எல்லாம் ஆறிவிட்டதென்று நாம் எழுத மாட்டோம். ஆயினும் அக்காலத்தில் அது கேட்டது என்பது உண்மை. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டி அவரை வெளிநாட்டுக் கழகங்களின் கண்ணிற் பட வைத்தது. மெல்பேர்ண் நகரிற் சென்று ஆடினார். 2012, 2014, 2016 ஆசியக் கிண்ணங்கள் இலங்கைக்குக் கிட்டவில்லை. 2018இல் சிங்கப்பூரில், சிங்கப்பூரையே 69–50 என்று வென்று கிண்ணம் திரும்பியபோது வளையத்தின் கீழ் நின்றவர் மீண்டும் தர்ஜினி.

அடுத்து வந்தது 2019, லிவர்பூல் உலகக் கிண்ணம். இதனைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். பதினாறு நாடுகளின் பெருவீராங்கனைகள் கூடிய அப்போட்டியில் மிக அதிகமான கோல்களைப் போட்டவர் தர்ஜினியே, முந்நூற்றுக்கு மேல். ஆனால் இலங்கை அணி முடிவிற் பெற்ற இடம் பதினைந்து! வளையத்தருகே பந்து வந்து சேர்ந்த போதெல்லாம் அவர் தம் கடமையைச் செய்தார். வந்து சேராத வேளைகளிலும், மறுமுனையிற் கோல்கள் விழுந்த வேளைகளிலும், விதி அவரைக் கோட்டுக்கு அப்பால் விடவில்லை. அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நமக்குப் பெருமிதமும் துயரமும் ஒருங்கே எழுகின்றன.

2022 செப்ரெம்பர் 11ஆந் திகதி, எரிபொருள் வரிசைகளால் நாடு சலித்திருந்த ஆண்டில், இலங்கை ஆறாம் முறையாக ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது. சிங்கப்பூர் 53, இலங்கை 63. அன்றுதான் ஆடவர் கிரிக்கெற் அணியும் துபாயில் வென்றது. எந்த வெற்றி அதிகம் பேசப்பட்டது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள். அப்போது தர்ஜினிக்கு 43 வயது. அடுத்த ஆண்டு, 44ஆம் வயதில், கேப்ரவுண் உலகக் கிண்ணத்திலும் ஆடினார்.

எமது குறையொன்றையும் இங்கே ஒளியாமற் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் படித்த மாணவியொருத்தி வகுப்பிலேயே நெட்டையானவள். பாடசாலை அணியிற் கோல் போடுபவள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோது அவளுடைய அம்மம்மா எம்மைத் தேடி வந்தார். “சேர், இவள் பந்துக்கு எட்டி எட்டி இன்னும் வளருறாளாம். மாப்பிள்ளைக்கு நாங்க எங்க போறது? நீங்க சொன்னாக் கேப்பாள்” என்றார். சிரித்தோம், ஆயினும் சொன்னோம். பரீட்சை முடியட்டும், பிறகு ஆடலாம் என்றோம். அவளும் கேட்டாள். பரீட்சைக்குப் பிறகு உயர்தரம், தனியார் வகுப்பு என்று நாட்கள் ஓடின. அவள் திரும்ப ஆடவேயில்லை. நல்ல பெறுபேறுதான் பெற்றாள். அவளுடைய இடத்தில் வேறொருத்தி ஆடினாள், அவ்வளவே. தர்ஜினியின் பெயர் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் அவள் முகமே எம் கண்முன் வரும்.

சென்ற தவணையில் அவளது தங்கை எமது வகுப்புக்கு வந்திருக்கின்றாள். அக்காவை விடவும் இரண்டு அங்குலம் கூட. மாலையிற் பாடசாலை கலைந்த பின்னரும், வாவிப் பக்கத்துக் கம்பத்தடியில் நின்று பந்தெறிகின்றாள். நாள்தோறும் நூறு எறி என்பது அவள் கணக்கு. எண்ணிச் சொல்ல ஆளில்லை என்று நேற்று முறையிட்டாள். கொப்பித் திருத்தத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு, மதிலோரம் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தோம். அறுபத்து மூன்று உள்ளே விழுந்தன.