மாற்றாக வந்த மாரல்

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை சொற்பம். பந்தைக் கையால் எறிவதும், அதை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிகளைப் பிளந்து ஓடுவதுமே பிரதானம். அவ்வாட்டத்தின் தொழில்முறை லீக்கில் 1972-ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றிப் பேசுவோர், ஆடிய 17 ஆட்டங்களையும் வென்ற மயாமி டால்ஃபின்ஸ் அணியையும் அதன் பயிற்சியாளர் டான் ஷூலாவையுமே முதலில் ஸ்மரிப்பார்கள். எனக்கோ, அப்பருவம் என்றதுமே, தலைமுடியை ஒட்டக் கத்தரித்துக்கொண்ட, 38 வயது நிரம்பிய ஏர்ல் மாரலின் உருவமே கண்முன் வந்து நிற்கிறது.

மாரல் ஒரு குவாட்டர்பேக். அணி தாக்கி ஆடும்போது பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக்கின் கைக்குத்தான். மலைபோன்ற தேகங்கள் தன்மேல் பாய்ந்து வரும் இரண்டு மூன்று விநாடிகளுக்குள், எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா என்று நிர்ணயிக்க வேண்டியவர் அவரே. 1969 ஜனவரி 12 அன்று, மயாமியின் ஆரஞ்சு பௌல் மைதானத்தில், மூன்றாவது சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில், பால்டிமோர் அணிக்காக அந்த ஸ்தானத்தில் நின்றவர் மாரல்; அன்று அவ்வணியின் பயிற்சியாளரும் ஷூலாவே. முற்பாதி முடியும் தறுவாயில், ஜிம்மி ஓர் என்னும் சகா எல்லைக்கோட்டருகே காவலின்றித் தனித்து நின்று கையசைத்ததை மாரல் காணவில்லை. வேறு பக்கம் எறிந்த பந்து எதிராளியிடம் சிக்கியது. அன்று அவர் எறிந்தவற்றில் மூன்று அவ்விதம் பறிபோயின. நியூயார்க் ஜெட்ஸ் 16–7 என்று வென்றது. பிற்பாதியில் மாரலை உட்கார வைத்துவிட்டார் ஷூலா.

பின்னர் பால்டிமோர் அவரைக் கைவிட்டபோது, 100 டாலர் கொடுத்து மயாமிக்கு வரவழைத்துக்கொண்டவரும் அதே ஷூலாதான். மனிதரைக் கணிக்கத் தெரிந்தவர் செய்த காரியம் அது என்றே நான் கருதுகிறேன்.

1972 அக்டோபர் 15 அன்று, அதே ஆரஞ்சு பௌலில், சான் டியகோ அணியோடு நடந்த ஐந்தாவது ஆட்டத்தில், மயாமியின் வழக்கமான குவாட்டர்பேக்கும் இளைஞருமான பாப் கிரீஸி காலெலும்பு முறிந்து வீழ்ந்தார். ஒருகாலத்தில் அபஜயம் சுமந்து வெளியேறிய அந்த மண்ணிலேயே மாரல் மறுபடி அடிவைத்து, 24–10 என்று அன்றைய ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் பஃபலோவை ஒரே புள்ளி வித்தியாசத்தில், 24–23 என்று, தட்டுத்தடுமாறி வென்றார்கள். அதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. தம் கையின் பலத்தைக் காட்டவேண்டும் என்ற ஆசைக்கு இடங்கொடாமல், லாரி சோங்காவிடமும் மெர்குரி மோரிஸிடமும் பந்தை ஒப்படைத்து ஓடவிட்டதே அவருடைய விவேகம். சோங்கா 1,117 கஜமும், மோரிஸ் சரியாக 1,000 கஜமும் அப்பருவத்தில் ஓடினார்கள். ஒரே அணியில் இருவர் ஆயிரத்தை எட்டியது அதுவே முதல் தடவை.

மாரல் முதலிலிருந்தே களம் இறங்கிய ஆட்டங்கள் 11; பதினொன்றும் ஜயம். ஆனால் அவற்றுள் கடைசியானதில், டிசம்பர் 31 அன்று பிட்ஸ்பர்கில், சோங்காவுக்கு ஒன்பது கஜ எறிதல் ஒன்றால் கணக்கைச் சமனாக்கிய பிறகும், பிற்பாதியில் ஷூலா அவரை வெளியே அழைத்துக்கொண்டு, குணமடைந்திருந்த கிரீஸியை அனுப்பினார். 21–17 என்று மயாமி வென்றது. ஷூலாவின் தீர்ப்பு பிழையன்று. ஆயினும் ஒரே மனிதருக்கு ஒரே ஆசிரியரால் இரண்டாம் முறையும் அந்த நாற்காலி நேர்ந்ததை எண்ணும்போது என் மனம் இளகாமல் இருப்பதில்லை.

1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலிஸ். வாஷிங்டனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தைக் கிரீஸியே தொடங்கினார். 14–0 என்று முன்னிலையில் இருந்த மயாமி, முடிவு நெருங்கிய வேளையில் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளிகள் சேர்க்க முயன்றது. உதைப்பவர் கரோ யெப்ரீமியன். அவருக்காக மண்டியிட்டுப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்தவர் மாரல். உதை தடுக்கப்பட்டது, துள்ளி வந்த பந்தை எடுத்த யெப்ரீமியன், பழக்கமில்லாத கையால் அதை எறிய எத்தனிக்க, அது விரல்களிலிருந்து வழுவி எழும்பியது, மைக் பாஸ் அதைப் பற்றிக்கொண்டு 49 கஜம் ஓடி வாஷிங்டனுக்குப் புள்ளிகளைச் சேர்த்தார். 14–7. மிச்சமிருந்த இரண்டு நிமிஷங்களையும் மயாமியின் தற்காப்பு வீரர்கள் காத்துக் கொடுக்க, ஷூலாவைத் தோள்மீது தூக்கிச் சென்றார்கள்.