இழுவை குறைந்த பழைய டீசல் காரா? பம்ப் வேலைக்கு அவசரப்படாதீர்கள்!

2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஓட்டமாவடியிலும் பழைய டீசல் காரை வைத்தே வியாபாரம் பார்க்கும் சகோதரர்கள் உண்டு. சரக்கோடு பொலன்னறுவைக்குப் போகையில் இழுவை குறைந்தால், உடனே பம்ப்பைக் கழற்ற விடாதீர்கள். அதற்குப் பெருந்தொகை போகும்.

நான் முதலில் புகையைப் பார்ப்பேன். கறுப்பென்றால் காற்று போதவில்லை, அல்லது நொசில் பழுது. எயார் பில்டரிலிருந்து தொடங்குங்கள். நீலமென்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. புகையே இல்லாமல் சோர்ந்தால் டீசல் போதவில்லை என்று சந்தேகியுங்கள். பில்டரை மாற்றி, டீசல் குழாயில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். ஓடி நின்றதும் ஒரு சில்லு மட்டும் சுட்டால் பிரேக் பிடித்திருக்கும். பம்ப் கடைசிதான்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குறையை மறைத்த வியாபாரத்தில் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.