கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குத் தனியே காரோட்டிச் செல்ல

தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு வழியாக ஸ்ரீநகர் வரை சுமார் 3,700 கிலோமீட்டர் ஓடுகிறது. பத்துக்குக் குறையாத மாநிலங்கள் வழியில் வருகின்றன. பெரும்பகுதி நான்கு வழிச் சாலை என்பதால் தனி ஆளாகவே காரில் போய்விடலாம். ஆனால் புறப்படும் மாதத்தையும் ஒவ்வொரு நாளும் ஓட்டும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மாதத்தைத் தீர்மானிப்பது வானிலை. டிசம்பர், ஜனவரியில் ஆக்ராவுக்கு வடக்கே அடர்ந்த பனிமூட்டம் இறங்கும். மே மாதத்தில் நாக்பூர் வட்டாரத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஜம்முவைத் தாண்டி ராம்பன் பகுதியில் மண் சரிந்து சாலை மூடப்படுவது வாடிக்கை. செப்டம்பர் கடைசியில் பருவமழை வடமேற்கிலிருந்து விலகத் தொடங்கியிருக்கும், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் பிடித்திருக்காது. தெற்கிலிருந்து கிளம்புகிறவருக்கு அதுவே தோதான சமயம்.

தினசரித் திட்டத்தைக் கிலோமீட்டரில் போடுவதைவிட மணிக்கணக்கில் போடுவது நல்லது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கே 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று வரம்பு கட்டியிருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவர் அதை மீறக் காரணமில்லை. சுங்கச்சாவடி, ஊர் நெரிசல், சாப்பாடு எல்லாம் போக ஒரு நாளைக்கு 400 முதல் 450 கிலோமீட்டர் கிடைக்கும். இடையில் ஓரிரு நாள் தங்கி இளைப்பாறினால் மொத்தம் பத்து, பதினொரு நாள் ஆகும்.

இந்த வரம்புக்குக் காரணம் தூக்கம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டுகிறது. இதுபோக உடலின் உள்கடிகாரம் நள்ளிரவு 2 முதல் காலை 6 மணி வரையிலும், மதியம் 2 முதல் 4 மணி வரையிலும் விழிப்பைத் தாழ்த்துகிறது. ‘டிராபிக் இருக்காது’ என்று அதிகாலை 2 மணிக்குக் கிளம்பும் தமிழ்நாட்டு வழக்கம் நேராக இந்தக் குழியில்தான் விழுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதை டாசன், ரீட் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 0.03 சதவீதம்.

கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிடுவதும் உண்டு. இதற்கு மைக்ரோ ஸ்லீப் என்று பெயர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு சுமார் 28 மீட்டர் கடக்கிறது கார். விழிப்பாக உள்ள ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி, அதற்குள் 42 மீட்டர். உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 55 மீட்டர். நான்கு நொடி கண் அயர்ந்தால் இந்த மொத்தத் தூரத்தையும் தாண்டி 110 மீட்டர் போயிருக்கும், பிரேக்கைத் தொடாமலே. பக்கத்து இருக்கையில் தட்டி எழுப்ப ஆள் இல்லாததுதான் தனிப் பயணத்தின் பெரிய குறை.

கண்ணாடியை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. காபி உதவும், அடினோசின் போய் ஒட்டும் இடங்களை கஃபீன் அடைத்துக்கொள்கிறது. அது வேலை செய்ய 20 நிமிடம் பிடிக்கும். எனவே பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி, காபி குடித்த கையோடு கதவைப் பூட்டிவிட்டு அந்த 20 நிமிடம் தூங்கி எழுவதே சரியான முறை. இதுவும் தற்காலிகம்தான். இரவில் ஏழு மணி நேரம் படுத்துத் தூங்குவதற்கு மாற்று கிடையாது.

வண்டியில் முதல் கவனம் டயருக்கு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அந்த உரசலின் சூடு ஏறி ஏறித்தான் வேகத்தில் டயர் வெடிக்கிறது. வெயிலைவிடக் குறைந்த காற்றே பெரிய குற்றவாளி. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையில் காற்று பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து. டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். மழைநீரை வெளித்தள்ள முடியாமல் அது தண்ணீர்மேல் வழுக்கும்.

பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பியடித்து எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீமும் மெதுவான வேகமும் போதும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாய் வடக்கே போகும்போது ஏற்றம், திரும்புகையில் இறக்கம். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டாமல் கீழ் கியரில் இன்ஜினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்க வேண்டும். பிரேக்கையே நம்பினால் அது காய்ந்து பிடிக்காமல் போகும்.

ஃபாஸ்டேக்கில் இருப்பு, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று வேண்டும். உரிமமும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் இருந்தால் எல்லா மாநிலத்திலும் செல்லும். தங்கும் ஊர்களின் பட்டியலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, தினமும் குறித்த நேரத்தில் பேசுவதாகச் சொல்லிவைப்பது அவசியம். பேச்சு வராவிட்டால் எங்கிருந்து தேடுவது என்று அவருக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, எந்த அவசரத்துக்கும் 112. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்பதால், புறப்படும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்வது நல்லது.