உங்களுக்குத் தெரியுமா?

2021-ல் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு ஆராய்ந்தபோது, இந்திய ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கிடைத்த கடன் செயலிகள் சுமார் 1,100. அவற்றில் 600 சட்டவிரோதமானவை!

• உங்கள் தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பட்டியல் எதையும் கடன் செயலி தொடக்கூடாது. இது 2022-ல் வந்த விதி. இவற்றுக்கு அனுமதி கேட்டாலே செயலியை நீக்கிவிடுங்கள். பின்னால் உறவினர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்த உதவுவது அந்தத் தொடர்பு எண்கள்தான்.

• தவணைப் பணம் கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போகவேண்டும். யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

• கடன் வாங்கியபின் மனம் மாறினால் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி, அபராதமின்றி விலகலாம். பலருக்கும் தெரியாத உரிமை இது.

• மிரட்டுகிறார்களா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.