மயில் பெருகுகிறது, பனங்காடை குறைகிறது

திருத்தணி என்றதும் முருகனோடு மயிலும் நினைவுக்கு வரும். அந்த மயில் இந்தியா முழுக்கப் பெருகிவருகிறது. வயலோர மின்கம்பியில் உட்கார்ந்திருந்து, பறக்கும்போது நீலச் சிறகை விரிக்கும் பனங்காடையோ குறைந்துவருகிறது. இரண்டையும் இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், ஆயிரக்கணக்கானோர் கண்ட பறவைகளை எல்லாம் எழுதிவைத்ததுதான் காரணம்.

தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் தைப்பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. ஏரி, குளங்களுக்கான ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. அதுவும் ஜனவரியில்தான். வடக்கிலிருந்து வலசை வரும் கிளுவையும் ஊசிவால் வாத்தும் அதற்குள் நம் ஏரிகளில் தங்கிவிடும். பெரும் இடப்பெயர்ச்சி ஓய்ந்திருப்பதால் ஒரே பறவையை இரண்டு ஊர்களில் எண்ணிவிடும் வாய்ப்பும் குறைவு.

பொங்கல் கணக்கெடுப்பின் முறை எளிது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தைக் கவனித்து, காகம், மைனா உட்பட அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும். அபூர்வப் பறவையை மட்டும் எழுதினால் பயனில்லை. எல்லாவற்றையும் எழுதினால்தான், பட்டியலில் இல்லாத பறவை அங்கே கண்ணில் படவில்லை என்பதும் தகவலாகும். நூறு பட்டியல்களில் முன்பு நாற்பதில் இருந்த ஒரு பறவை இப்போது இருபதில்தான் இருக்கிறது என்றால் அது எச்சரிக்கை.

இத்தகைய சுமார் மூன்று கோடிப் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வெளியானது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருந்தன. 98 நிலையாக இருந்தன. 36 மட்டுமே பெருகியிருந்தன. எங்கும் காணலாம் என்று நாம் நம்பியிருந்த பனங்காடையின் அபாய நிலையை மறுபரிசீலனை செய்யவும் அறிக்கை பரிந்துரைத்தது.

ஆனால் ஓர் ஆண்டின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து எல்லா ஏரிகளும் நிரம்பினால் நீர்ப்பறவைகள் பரவிவிடும். ஓர் ஏரியில் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். மழை பொய்த்தால் தண்ணீர் மிஞ்சிய ஏரியில் கூட்டமாகக் குவியும். அந்தக் குவியல் செழிப்பின் அறிகுறி ஆகாது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டுக்கணக்கில் எண்ணினால்தான் மழையின் ஏற்ற இறக்கத்தைத் தாண்டி உண்மையான போக்கு தெரியும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு முனையில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. பூநாரைகளைத் தேடி அங்கே பறவை ஆர்வலர்கள் போகிறார்கள். மேற்கே ஆந்திர எல்லையோரத்தில் இருக்கும் திருத்தணி வட்டாரத்தின் ஊர் ஏரிகளையும் வயல்களையும் பார்க்க உள்ளூர்க்காரர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? பனங்காடை வாழ்வது அந்த வயல்களில்தான். பள்ளி மாணவர்கள் பொங்கல் விடுமுறையில் தங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு பட்டியல் எழுதட்டும்; அடுத்த ஆண்டும் அதே கரையில் எழுதட்டும். பத்தாண்டு கழித்து அந்த ஏரியைப் பற்றி முடிவெடுப்பவர்கள் முன்னால் வைக்க அதைவிட வலுவான சான்று வேறில்லை.