ஓரக் குறிப்பில் எழுதப்பட்ட பெயர்: யூதக் குடும்ப ஆவணங்களை எவ்வாறு வாசிப்பது?

1900ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் பிறந்த ஒரு யூதப் பெண்ணின் பிறப்புப் பதிவை இணையத்தில் திறந்தால், பல நேரங்களில் பக்கத்தின் ஓரத்தில் வேறொரு கையெழுத்தைக் காண்கிறோம். 1939 முதல் அவர் ‘சாரா’ என்னும் பெயரையும் தாங்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பு. 1938 ஆகஸ்ட் 17ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணையின் விளைவு அது. அரசு வெளியிட்ட பட்டியலில் இல்லாத முதற்பெயரைக் கொண்ட யூதப் பெண்கள் ‘சாரா’ என்றும், ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் கூடுதல் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தாங்களே அறிவிக்கவும் வேண்டும். போருக்குப் பின்னர் அந்தப் பெயரைச் செல்லாததாக்கும் இரண்டாவது குறிப்பும் சில பக்கங்களில் உண்டு. இல்லாத பக்கங்களும் உண்டு.

யூதக் குடும்ப வரலாற்றைத் தேடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆவணத்தை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதே. குறுக்கு விசாரணையில் நாம் கேட்கும் அதே கேள்வி. வரி வசூலுக்கும் படைக்கு ஆள் எடுப்பதற்கும் ரஷ்யப் பேரரசு கணக்கெடுத்த பட்டியல்கள், நாடு கடத்தியோரின் பெயர் வரிசைகள், முகாம் அட்டைகள் என இன்று பேரப்பிள்ளைகள் நன்றியோடு புரட்டும் தாள்களில் பெரும்பகுதி, அம்மக்களின் நன்மைக்காக எழுதப்பட்டவை அல்ல.

குடும்பப்பெயரே அத்தகைய ஒன்றுதான். கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் மிகப் பலர் தந்தை பெயரைச் சேர்த்தே அறியப்பட்டனர். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் ஜெர்மானியக் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கினார். ரஷ்யப் பேரரசு 1804இல் குடும்பப்பெயரை வலியுறுத்தியது. நெப்போலியனின் ஆணை 1808இல் வந்தது. எனவே அதற்கு முந்தைய தலைமுறைகளைக் குடும்பப்பெயரால் தேடினால் பெரும்பாலும் கைக்கு ஒன்றும் அகப்படாது.

கலீசியாவின் பதிவேடுகள் வேறொரு பாடம் தருகின்றன. இன்றைய போலந்திலும் உக்ரைனிலும் பிரிந்து கிடக்கும் அப்பகுதி அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. சமய முறைப்படி மட்டும் நடந்த யூதத் திருமணத்தை அரசு ஏற்கவில்லை. விளைவாக, ஊரறிய மணந்து வாழ்ந்த இணையரின் பிள்ளைகள் ‘முறையற்ற பிறப்பு’ என்று எழுதப்பட்டுத் தாயின் குடும்பப்பெயரைப் பெற்றனர். இதை அறியாத வழித்தோன்றல்கள் தம் பாட்டியைப் பற்றித் தவறாக எண்ணிக்கொள்வதுண்டு. அந்தச் சொல் பாட்டியைக் குறித்ததன்று. அவருடைய திருமணத்தை ஏற்க மறுத்த சட்டத்தைக் குறித்தது. ஆகவே கலீசியாவில் தேடும்போது தாய்வழிப் பெயரையும் கட்டாயம் இட்டுப் பார்க்க வேண்டும்.

போலந்தில் ரஷ்ய ஆட்சிப் பகுதியின் பதிவேடுகள் 1868 வரை போலிஷ் மொழியிலும், அதன்பின் ரஷ்ய மொழியிலும் உள்ளன. ஒரே குடும்பம் இரு எழுத்துகளில் இரு விதமாக ஒலிக்கும். இந்தச் சிக்கலுக்காகவே 1985இல் டைச்–மொகோடாஃப் என்னும் ஒலிக்குறி முறை உருவாக்கப்பட்டது. எழுத்துகள் மாறினாலும் ஒத்து ஒலிக்கும் பெயர்களை அது ஒரே எண்ணின்கீழ்க் கொண்டுவரும். ‘ஜூயிஷ்ஜென்’ தளத்தின் தேடுபெட்டியில் இந்த முறை உள்ளது. ஆனால் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. நாம் தொடக்கத்தில் கண்ட ஓரக் குறிப்பு பட்டியலில் வராமற்போகலாம். மூலப் பக்கத்தின் படத்தில்தான் அது தெரியும்.

இனப்படுகொலைக் காலத்துக்கு ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் நகரிலுள்ள ஆவணக்காப்பகமே முதன்மையானது. ஏறத்தாழ 1.75 கோடி மனிதர்களைப் பற்றிய குறிப்புகள் அங்கு உள்ளன. 2007 வரை ஆய்வாளர்களுக்கே கதவு அடைபட்டிருந்தது. 2019 முதல் பெரும்பகுதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அங்கும் பெயர் கிடைக்கவில்லை எனில் ஒருவர் தப்பிவிட்டார் என்று பொருளாகாது. ஆஷ்விட்சில் இறங்கியவுடன் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டோர் முகாமில் பதியப்படவே இல்லை. அவர்களுக்கு எண் இல்லை, அட்டை இல்லை. புறப்பட்ட ஊரின் நாடு கடத்தல் பட்டியலே கடைசித் தடயம். அந்த வெற்றிடத்தை நிரப்பவே எருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம், உறவினரும் அறிந்தவரும் நிரப்பித் தரும் சாட்சியத் தாள்களைச் சேர்த்தது; 2004 முதல் அவற்றை இணையத்தில் தேடலாம். நினைவிலிருந்து எழுதப்பட்டவை என்பதால் ஒரே மனிதருக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள் இருக்கக்கூடும்.

இத்தேடல் வெறும் ஆர்வத்தோடு முடிவதில்லை. 1933 ஜனவரி 30 முதல் 1945 மே 8 வரை அரசியல், இன, சமயக் காரணங்களால் குடியுரிமை பறிக்கப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதைத் திரும்பப் பெறலாம் என்கிறது ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு. வெளிநாட்டில் வாழ்ந்த யூதர்களின் குடியுரிமையை 1941 நவம்பர் 25இன் ஆணை ஒட்டுமொத்தமாகப் பறித்தது. மூதாதையர் ஜெர்மானியர் என்பதையும், தமக்கும் அவருக்கும் இடையிலான பிறப்பு, திருமணத் தொடரையும் விண்ணப்பதாரர் காட்ட வேண்டும்.

இங்கேயும் ‘முறையான பிறப்பு’ குறுக்கே நின்றது. குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு தந்தைக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகளின் விண்ணப்பம், அத்தகைய குழந்தைக்குத் தந்தைவழிக் குடியுரிமை பழைய சட்டத்தில் கிடையாது என்று நிராகரிக்கப்பட்டது. கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 மே மாதத்தில் அந்த நிராகரிப்பு செல்லாது என்றது. அயல்நாட்டவரை மணந்ததால் குடியுரிமை இழந்த பெண்களின் பிள்ளைகள் உள்ளிட்ட, விடுபட்டிருந்த பலருக்கும் 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் வழி திறந்தது. முன்னர் நிராகரிக்கப்பட்டோர் மீண்டும் விண்ணப்பிக்கலாம். 116ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது.