உங்களுக்குத் தெரியுமா? கட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

மார்பகக் கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘எத்தனாவது ஸ்டேஜ்?’ என்பதுதான். ஆரம்ப நிலையில் பிடிபட்ட நோய்க்கு அதே அளவு முக்கியமான மூன்று குறிகள் ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் கட்டி பெண் ஹார்மோன்களைத் தின்று வளர்கிறதா என்று சொல்பவை. மூன்றாவது, செல்லைப் பெருகச் சொல்லி விரட்டும் ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதா என்று சொல்வது. கீமோ வேண்டுமா, மாத்திரை போதுமா, ஊசி உண்டா, ஆபரேஷன் முதலா மருந்து முதலா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றையும் பார்த்துத்தான் முடிவாகிறது.

*

வெட்டியெடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் திரவத்தில் விழுந்துவிட வேண்டும். அதில் 6 மணி நேரமாவது ஊற வேண்டும். 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இது லேபுகளுக்கு வகுக்கப்பட்ட விதி. ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். அது எட்டாத இடத்தில் புரதங்கள் சிதைய ஆரம்பிக்கும், ஈ.ஆர். இருந்தும் இல்லாதது போல் ஆகிவிடும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சித்திக்கு 47 வயதில் ஆபரேஷன் நடந்தது ஒரு சனிக்கிழமை மாலை. தியேட்டர் வாசலில் ஒரு நர்ஸ், மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்து, “லேப்ல குடுத்துடுங்க” என்றார். டப்பாவை அடைத்துக்கொண்டு சதை. அதற்கு மேல் ஒரு விரற்கடை திரவம். லேப் பூட்டிக் கிடந்தது. அடுத்த நாள் ஞாயிறு. டப்பா எங்கள் வீட்டு அலமாரியில் இருந்து, திங்கள் காலைதான் லேப் போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் ஈ.ஆர். பூஜ்யம், பி.ஆர். பூஜ்யம், ஹெர்-2 பூஜ்யம்.

*

இந்த மூன்றுமே இல்லாத கட்டிக்கு ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ என்று பெயர். ஹார்மோன் மாத்திரை இதற்குப் பலிக்காது, ஹெர்-2 ஊசியும் பலிக்காது; கீமோதான் பிரதான ஆயுதம். மேலை நாடுகளைவிட இந்தியாவில் இந்த வகையின் விகிதம் அதிகம். நம் பெண்களுக்கு நோய் வரும் வயதும் அங்குள்ளவர்களைவிடச் சுமார் பத்தாண்டு குறைவு.

*

கட்டிக்கும் ஹார்மோனுக்கும் உள்ள உறவை முதலில் கண்டவர் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன். முற்றிய மார்பகப் புற்று இருந்த ஓர் இளம்பெண்ணின் சினைப்பைகளை 1895-ல் அகற்றினார். மார்பிலிருந்த கட்டி சுருங்கியது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. ஆனால் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் இந்த வைத்தியம் கேட்டது. யாருக்குக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனை உடலில் செலுத்தி, அது எங்கே போய் ஒட்டுகிறது என்று சிகாகோவில் எல்வுட் ஜென்சன் 1950-களின் கடைசியில் தேடிக் கண்டுபிடித்ததுதான் ஈ.ஆர். நடுவில் அறுபது ஆண்டுகளுக்கு மேல். எத்தனை பெண்கள் பலனில்லாமல் சினைப்பையை இழந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியின் விலை புரிகிறது.

*

டாமோக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை கருத்தடைக்காகப் பிறந்தது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் 1962-ல் அதை உருவாக்கினார். எலிகளில் கருத்தடை செய்தது. பெண்களுக்குக் கொடுத்தபோது நேர்மாறாகச் சினைமுட்டையை வெளிவரத் தூண்டியது! கருத்தடையில் தோற்ற அந்த மாத்திரைதான் மார்பகப் புற்றுக்கு மருந்தானது. ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ளவர்கள் ஐந்தாண்டு தொடர்ந்து சாப்பிட்டால், முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றால் இறக்கும் அபாயத்தை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. விலை அதிகமில்லாத, தினம் ஒரு வேளை மாத்திரை.

*

ஹெர்-2 பரிசோதனைக்கு 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று வந்தால் அது முடிவான பதிலே கிடையாது. ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு பரிசோதனையில் அந்த மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செலவுக்குப் பயந்து 2+-லேயே நின்றுவிடும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து நிற்காதீர்கள். ஹெர்-2 மிகுந்த கட்டி வேகமாகப் பரவக்கூடியது என்று டென்னிஸ் ஸ்லேமன் குழு 1987-ல் காட்டியது. அதைக் குறிவைத்த டிராஸ்டுசுமாப் ஊசிக்கு அமெரிக்கா 1998-ல் அனுமதி தந்தது. பயமுறுத்திய வகையே நல்ல மருந்துள்ள வகையாக மாறிவிட்டது. பெங்களூரின் பயோகான் 2014-ல் இதன் இணைமருந்தை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

*

ரிப்போர்ட்டில் ‘கேஐ-67’ என்று ஒரு சதவீதம் இருக்கும். கட்டியில் எத்தனை செல்கள் பிரிந்து பெருகும் வேலையில் இருக்கின்றன என்ற கணக்கு அது. கே-யும் ஐ-யும் ஜெர்மனியின் கீல் நகரத்தின் முதலெழுத்துகள். 67 என்பது ஆய்வுத் தட்டில் இருந்த 96 குழிகளில், அது கிடைத்த குழியின் எண்.

*

‘ட்யூமர் மார்க்கர்’ என்று மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ரத்தம் எடுக்கிறார்களே, அந்த சி.ஏ. 15-3 ஆரம்ப நிலை மார்பகப் புற்றைக் கண்டுபிடிக்க உதவாது. ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது நார்மலாகவே இருக்கும். கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணங்களாலும் ஏறும். நோய் பரவியவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று கவனிக்கத்தான் அது பயன்படுகிறது. ‘ரத்தம் நார்மல்’ என்ற காகிதத்தை நம்பி, கைக்குத் தட்டுப்படும் கட்டியைக் காட்டாமல் விட்டுவிடுவது பெரிய ஆபத்து.

*

கீமோ எல்லோருக்கும் வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி 10,273 பெண்கள் ‘டெய்லர்-எக்ஸ்’ என்ற ஆய்வில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், அக்குள் நெறிக்குப் பரவாத நோய். ‘ஆன்கோடைப்’ என்ற சோதனை கட்டியின் 21 மரபணுக்களை அளந்து, நோய் திரும்பும் அபாயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். 11-லிருந்து 25 வரை வாங்கியவர்களில் ஒரு பாதிக்கு மாத்திரை மட்டும், மறுபாதிக்குக் கீமோவும் மாத்திரையும். 2018-ல் முடிவு வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 83.3 சதவீதம், கீமோவும் சேர்த்து எடுத்தவர்களில் 84.3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் 50 வயதுக்கு உட்பட்டவர்களில், 16-லிருந்து 25 வரை வாங்கியவர்களுக்குக் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. அக்குளில் ஒன்று முதல் மூன்று நெறிகளில் நோய் இருந்தவர்களிடம் நடந்த அடுத்த பெரிய ஆய்விலும் இதே கதை: மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கீமோ கூடுதலாக எதையும் தரவில்லை, நிற்காதவர்களுக்குத் தந்தது. நம் ஊரில் நாற்பதுகளில் நோய் வரும் பெண்கள் நிறைய என்பதால், ‘கீமோ தேவையில்லையாம்’ என்ற செய்தியைப் பாதியாகப் படித்துவிடக் கூடாது.

ஆன்கோடைப் சோதனைக்கு நம் ஊரிலிருந்து கட்டியின் துணுக்கு கலிஃபோர்னியா போகிறது; செலவு லட்சங்களில். ஐந்து புரதங்களை அளந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லும் ‘கேன்அசிஸ்ட்’ என்ற சோதனையைப் பெங்களூரிலேயே உருவாக்கியிருக்கிறார்கள். பத்தாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வின் பலம் அதற்கு இன்னும் சேரவில்லை. ஆனாலும் வரவேற்க வேண்டிய முயற்சி. ஹெர்-2 பாசிட்டிவ், ட்ரிபிள் நெகட்டிவ் உள்ளவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது.

*

மேலே சொன்னது கட்டியின் மரபணு. பிறவியிலேயே வந்த மரபணுவைப் பார்ப்பது வேறு சோதனை. அதற்கு ரத்தமோ எச்சிலோ போதும். பழுதானால் மார்பகப் புற்று அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.-1 மரபணு 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று மேரி-கிளேர் கிங் 1990-ல் காட்டினார். ‘அம்மா வழியில் யாருக்காவது இருந்ததா?’ என்று மட்டும் கேட்கிறோம். அப்பா வழியிலும் இந்தப் பழுது வரும். அத்தைக்கும் அப்பாயிக்கும் இருந்தது அப்பாவுக்கும் வந்திருந்தால், அவர் மூலமாக மகளுக்கு இறங்க, பாதிக்குப் பாதி வாய்ப்பு. முடிவு சிகிச்சையையும் மாற்றும். பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ள, நோய் திரும்பும் அபாயம் அதிகமான ஹெர்-2 நெகட்டிவ் நோயாளிகளுக்கு ஒலாபரிப் மாத்திரை ஓராண்டு கொடுத்தால் பலன் உண்டு என்று 2021-ல் நிரூபணமானது. ட்ரிபிள் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தவர்கள் இந்தச் சோதனை பற்றி டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

*

லேபில் சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கட்டியாக்கி வைப்பார்கள். ‘பிளாக்’ என்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் கெடாது. உங்கள் பிளாக்கை நீங்கள் கேட்டு வாங்கி, வேறு இடத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

சித்தியின் மூன்று பூஜ்யங்களையும் பார்த்த இரண்டாவது டாக்டர் கேட்டது பிளாக்கையும் ஸ்லைடையும்தான். அந்த ஸ்லைடில் கட்டிக்குப் பக்கத்திலேயே நோயில்லாத பால்நாளங்கள் இருந்தன. ஈ.ஆர். பரிசோதனை ஒழுங்காக நடந்திருந்தால், அந்த நல்ல செல்கள் சிலவற்றின் உட்கருவாவது பழுப்பேறியிருக்க வேண்டும். ஒன்றுகூட ஏறவில்லை. “இது நெகட்டிவ் இல்லம்மா, டெஸ்ட்டே ஆகலை” என்றார். ஆபரேஷனுக்கு முன்பு ஊசியால் எடுத்த பயாப்ஸியின் பிளாக் வேறொரு லேபில் பத்திரமாக இருந்தது, ஈ.ஆர். சோதனை அதில் அதுவரை செய்யப்படவே இல்லை. செய்தார்கள். 90 சதவீதம் பாசிட்டிவ்.

அன்றிரவு டாமோக்சிஃபென் அட்டையைச் சித்தி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள், தாளிக்கப் போகும்போது கண்ணில் படும் என்று. ஆறு வருடமாக அட்டை மாறிக்கொண்டிருக்கிறது, இடம் மாறவில்லை.